கேம் கிராஷ் ஆகுதா... திரை கறுப்பாகுதா? கிராபிக்ஸ் டிரைவரை பத்திரமா அப்டேட் செய்வது எப்படி?

ஆசையாக டவுன்லோடு செய்த புது கேம். ஓப்பன் பண்ணினால் லோகோ வந்த வேகத்தில் திரை கறுப்பாகி, டெஸ்க்டாப்புக்கே திரும்பி வந்துவிடுகிறது. அல்லது, ராத்திரி முழுக்க உட்கார்ந்து எடிட் செய்த குறும்படம், எக்ஸ்போர்ட் கொடுத்ததும் பாதியில் நின்றுவிடுகிறது.

அந்த நேரத்தில் நமக்குத் தோன்றுவது ரெண்டே விஷயங்கள்தான். ஒண்ணு, 'கார்டு போச்சு, புதுசு வாங்கணும்'. இன்னொண்ணு, நெட்டில் தேடி, முதலில் கண்ணில் படும் ஏதோ ஒரு 'டிரைவர் அப்டேட்டர்' சாஃப்ட்வேரை இறக்குவது. முதலாவதில் பர்ஸ் காலி. இரண்டாவதில் கம்ப்யூட்டரே காலியாகலாம்.

பல நேரங்களில் பிரச்னை கார்டில் இருக்காது. அதை இயக்கும் டிரைவரில் இருக்கும். பத்து பைசா செலவில்லாமல் நாமே அதைச் சரிசெய்யலாம். ஆனால், 'அப்டேட்' பட்டனைத் தட்டுவதற்கு முன்னாடி ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கணும்... தப்பா போனா, பழைய நிலைக்குத் திரும்பி வரும் வழி!

டிரைவர் என்ன வேலை செய்கிறது?

இந்தி தெரியாமல் டெல்லிக்குப் போகிறீர்கள். கூடவே ரெண்டு மொழியும் தெரிந்த நண்பர் வருகிறார் என்றால் கவலையில்லை, இல்லையா? விண்டோஸுக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் நடுவே அந்த நண்பர்தான் டிரைவர். 'இந்தக் காட்சியை வரைந்து காட்டு' என்று கேம் கேட்பதை, கார்டுக்குப் புரியும்படி சொல்வது அவர் வேலை. புதிய கேம் வந்தால் அதற்கேற்ற மாற்றங்களைச் செய்து, கார்டு நிறுவனங்கள் புது டிரைவரை வெளியிடுகின்றன.

அப்டேட் எப்போ தேவை?

புது கேம் அல்லது சாஃப்ட்வேர் கேட்கும்போது, கிராஷ், திரை மினுக்கல் போன்ற பிரச்னைகள் வரும்போது, பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் டிரைவர் வரும்போது. இந்த மூன்றுக்கும் அப்டேட் அவசியம். மற்றபடி எல்லாம் நல்லா ஓடிக்கிட்டிருந்தா, வெளியான அன்றே இறக்க வேண்டியதில்லை. நாளைக்கு ப்ராஜெக்ட் சப்மிஷன் என்றால், இன்று ராத்திரி அந்தப் பக்கமே போகாதீங்க.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை? 2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 டிரைவரில், கார்டின் ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்துவதில் கோளாறு. கார்டுகள் அதிகமாகச் சூடாவதாகப் புகார்கள் வர, சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது நிறுவனம்.

2025 தொடக்கத்தில் ஆர்.டி.எக்ஸ் 50 வரிசை கார்டுகள் வந்த சமயத்திலும், புது டிரைவர் போட்டதும் திரை கறுப்பாவதாகப் பலர் புலம்பினார்கள். ஏப்ரலில் வந்த 576.02 டிரைவர் அவற்றில் பலவற்றைச் சரிசெய்தது. ஆனால், ஸ்லீப் மோடிலிருந்து எழுந்ததும் கார்டின் வெப்பநிலையைச் சரியாகக் காட்டாத புதுப் பிரச்னை அதில் முளைத்தது! அதற்குத் தனியாக ஒரு திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது.

உங்க கார்டு எது?

விண்டோஸ் கீயையும் எக்ஸ் கீயையும் சேர்த்து அழுத்தி, 'டிவைஸ் மேனேஜர்' போங்க. அதில் 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' பகுதியைத் திறந்தால் கார்டின் பெயர் இருக்கும். கேமிங் லேப்டாப்களில் பெரும்பாலும் ரெண்டு பெயர்கள் இருக்கும். பிராசஸரோடு வரும் இன்டெல் அல்லது ஏ.எம்.டி கிராபிக்ஸ் ஒன்று, தனி கார்டு இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி டிரைவர். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று மட்டும் இருந்தால், சரியான டிரைவரே இல்லை என்று அர்த்தம்.

பெயர் மேல் ரைட் கிளிக் செய்து, 'ப்ராபர்ட்டீஸ்', 'டிரைவர்' என்று போனால் வெர்ஷன் தெரியும். என்விடியா கார்டு என்றால் 32.0.15.7602 என்பதுபோல நீளமாக இருக்கும். பயப்படாதீங்க, கடைசி ஐந்து இலக்கங்களை மட்டும் எடுத்துக்கோங்க. 57602, அதாவது 576.02. இந்தத் திரையை மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைங்க. திரும்பி வர வேண்டியிருந்தால் இந்த எண்தான் முகவரி.

எங்கே டவுன்லோடு செய்வது?

கார்டு தயாரித்த நிறுவனத்தின் வெப்சைட்டில் மட்டும்தான். தேடல் முடிவுகளில் மேலே வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். 'உங்கள் கம்ப்யூட்டரில் 27 டிரைவர்கள் பழசு' என்று பயமுறுத்திக் காசு கேட்கும் சாஃப்ட்வேர்கள் தேவையே இல்லை. டிரைவர்கள் இலவசம்.

* என்விடியா: 'கேம் ரெடி', 'ஸ்டூடியோ' என இரண்டு வகை உண்டு. புதுப்புது கேம்கள் ஆடுபவர்களுக்கு முதலாவது. எடிட்டிங், 3டி வேலை செய்பவர்களுக்கு இரண்டாவது. பழைய 'ஜிஃபோர்ஸ் எக்ஸ்பீரியன்ஸு'க்குப் பதில் 2024 நவம்பர் முதல் 'என்விடியா ஆப்' வந்துவிட்டது. அதிலிருந்தே அப்டேட் செய்யலாம்.
* ஏ.எம்.டி: 'அட்ரினலின்' என்ற சாஃப்ட்வேருக்குள்ளேயே அப்டேட் வசதி இருக்கிறது. 'ரெக்கமண்டட்' என்று குறிப்பிட்டிருப்பது பாதுகாப்பான தேர்வு.
* இன்டெல்: 'டிரைவர் அண்டு சப்போர்ட் அசிஸ்டென்ட்' தானாகவே சரியான டிரைவரைக் காட்டும்.

லேப்டாப் என்றால், அதைத் தயாரித்த நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்தை முதலில் பாருங்க. உங்கள் மாடலுக்காகவே மாற்றியமைத்த டிரைவர் அங்கே இருக்கலாம்.

டிவைஸ் மேனேஜரில் இருக்கும் 'அப்டேட் டிரைவர்' பட்டனை மட்டும் நம்பி உட்கார்ந்துடாதீங்க. கார்டு நிறுவனத்தின் தளத்தில் புதுசு வந்திருந்தாலும், 'இருப்பதே சிறந்தது' என்று அது சொல்லிவிடும்.

ஜி.டி.எக்ஸ் 900, 10 வரிசை என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க: கேம் ரெடி டிரைவர்கள் 2025 அக்டோபரோடு முடிவதாகவும், 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும் என்றும் நிறுவனம் அறிவித்துவிட்டது. புது டிரைவர் வரலையேன்னு தேடி அலைய வேண்டாம்.

இன்ஸ்டால் செய்யும்போது...

1. ஸ்டார்ட் மெனுவில் 'ரீஸ்டோர் பாயின்ட்' என்று தேடி, ஒன்றை உருவாக்குங்க. அந்த வசதி ஆஃப் ஆகியிருந்தால், சி டிரைவுக்கு ஆன் செய்த பிறகு உருவாக்கலாம்.
2. டிரைவர் ஃபைல் பல நூறு எம்.பி இருக்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறக்கினால், அன்றைய டேட்டாவில் பெரும்பகுதி காலி.
3. திறந்திருக்கும் வேலைகளை சேவ் செய்து மூடுங்க. லேப்டாப்பில் சார்ஜர் போடுங்க. டெஸ்க்டாப் என்றால், அடிக்கடி கரன்ட் போகும் நேரத்தில் யு.பி.எஸ் இல்லாமல் தொடங்காதீங்க.
4. சாதாரண அப்டேட்டுக்கு வழக்கமான இன்ஸ்டாலேஷனே போதும். ஏற்கெனவே கிராஷ் பிரச்னை இருந்தால், என்விடியாவில் 'கஸ்டம்' போய் 'கிளீன் இன்ஸ்டாலேஷன்', ஏ.எம்.டி-யில் 'ஃபேக்டரி ரீசெட்' தேர்ந்தெடுங்க. பழைய செட்டிங்ஸ் எல்லாம் அழிந்து, புதுசாகத் தொடங்கும்.
5. நடுவில் திரை மினுக்கும், சில விநாடிகள் கறுப்பாகும். அது இயல்புதான். பதறிப்போய் பவர் பட்டனை அமுக்காதீங்க.
6. முடிந்ததும் ரீஸ்டார்ட். முதல்முறை கேம் ஆடும்போது கொஞ்சம் திணறலாம். பழைய ஷேடர் ஃபைல்களுக்குப் பதில் புதியவற்றை உருவாக்கிக்கொண்டிருக்கும். சிறிது நேரத்தில் சரியாகிவிடும்.

திரை கறுப்பாவே இருந்தா?

இந்தப் பகுதிக்காகவே இந்தக் கட்டுரையை மொபைலில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றோடு பி கீயையும் சேர்த்து அழுத்துங்க. கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும். டெஸ்க்டாப் என்றால், மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில்தான் இருக்கிறதா என்றும் பாருங்க. அவசரத்தில் மதர்போர்டில் செருகிவிடுவது அடிக்கடி நடக்கும்.

அப்பவும் வரலைன்னா, சேஃப் மோடு. லாகின் திரை தெரிந்தால், ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்க. அதுவும் தெரியவில்லையென்றால், விண்டோஸ் தொடங்கும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் செய்யுங்க. இரண்டு, மூன்று முறை இப்படிச் செய்தால் ரெக்கவரி திரை வரும். அதில் 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' போய் ரீஸ்டார்ட் செய்து, எண் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு. பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் ரெக்கவரி கீ கேட்கலாம். அதை முன்கூட்டியே எடுத்து வைப்பது நல்லது.

உள்ளே போனதும் டிவைஸ் மேனேஜரில் அதே 'டிரைவர்' பகுதி. 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்தால் பழைய வெர்ஷன் திரும்பிவிடும். அந்தப் பட்டன் வேலை செய்யவில்லையென்றால், 'அன்இன்ஸ்டால்' செய்துவிட்டு, போட்டோவில் இருக்கும் பழைய வெர்ஷனை மறுபடி போடலாம். அதுவும் முடியாவிட்டால், நீங்கள் உருவாக்கிய ரீஸ்டோர் பாயின்ட் கைகொடுக்கும்.

டிரைவர் மேல் தப்பே இல்லைன்னா?

வெவ்வேறு வெர்ஷன்கள் போட்டும் கிராஷ் நிற்கவில்லையென்றால் தூசு, அதிகச் சூடு, பவர் சப்ளை, ஓவர்கிளாக்கிங் இவற்றைப் பாருங்க. அப்புறம்தான் சர்வீஸ் சென்டர். அதற்கும் அப்புறம்தான் புது கார்டு.

மொத்தமாக ஒரு மணி நேர வேலைதான் பாஸ். ஆனால், அந்த ஒரு போட்டோவையும் ஒரு ரீஸ்டோர் பாயின்ட்டையும் மறக்காம எடுத்து வெச்சிட்டு ஆரம்பிங்க!