இரண்டரை அடிப் பாதை

சென்னையில் 1895 முதல் 1953 வரை ஓடிய டிராமை ஏக்கத்தோடு நினைவுகூர்கிறார்கள். எனக்கு ஏக்கம், நான் பார்த்தேயிராத தர்மபுரிச் சின்ன ரயில்மீது. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906இல் திறந்த பாதை. தண்டவாளங்களுக்கிடையே இரண்டரை அடிதான். பஞ்ச காலத்தில் தானியம் வந்துசேரவேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். ஆனால் குறுகிய பாதை. மொரப்பூரில் அகலப்பாதை வண்டியின் மூட்டைகளை இறக்கி மறுபடி ஏற்றவேண்டும். இந்தச் சிக்கனத்தின் பாரம் கூலியாளின் முதுகில்.

1913இல் பாதையை ஓசூர்வரை நீட்டினார்கள். 1941இல், யுத்தத்தின் நடுவே, மூடினார்கள், தண்டவாளமும் போயிற்று. பசிக்கென்று வந்தது யுத்த காலத்தில் பறிபோனது.

2019இல் மொரப்பூர்–தர்மபுரி அகலப்பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதைப் புதிய திட்டமாக என்னால் பார்க்க முடியவில்லை. அது பழைய கடன்.