டிக்கெட் இல்லாத திருவிழா

மதுரை பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து அவனியாபுரம் போகும் பஸ்ஸில் 'டிக்கெட்' என்பது வெறும் காகிதம் அல்ல. "பின்னாடி நாலு டிக்கெட் இருக்கு" என்று கண்டக்டர் சொன்னால், அங்கே நாலு ஆட்கள் நிற்கிறார்கள். டீக்கடையில் "பெருசு டிக்கெட் வாங்கிருச்சு" என்று பேச்சு வந்தால், ஊரில் ஒரு சாவு விழுந்திருக்கிறது.

தை முதல் நாள் நடக்கும் அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் மட்டும் டிக்கெட்டுக்கு வேலையில்லை. அந்த இல்லாமையே உச்ச நீதிமன்றத்தில் ஒரு வாதமானது.

1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 21-ஆம் பிரிவில் 'காட்சி' எது என்று வரையறுக்கிறது. டிக்கெட் விற்று மக்களை உள்ளே விடும் கேளிக்கையில் விலங்கைக் காட்டுவதுதான் காட்சி. சர்க்கஸ் கூடாரத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். 2011 ஜூலை 11 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அப்படிக் காட்சிப்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கத்தோடு காளையையும் சேர்த்தது. ஜல்லிக்கட்டில் டிக்கெட் விற்பதில்லை, ஆகவே அந்த அறிவிக்கை எங்களைக் கட்டுப்படுத்தாது என்றார்கள் விழாத் தரப்பினர்.

சட்டத்தின் எழுத்துப்படி வலுவான வாதம்தான். ஆனால் நீதிபதிகள் பார்த்தது வாலை முறுக்குவதையும் காளை மிரள்வதையும். மாட்டின் வலி, பார்ப்பவர் காசு கொடுத்தாரா என்பதைப் பொறுத்ததல்ல. அந்த இடத்தில் வாதம் தடுமாறத்தான் செய்யும். 2014 மே 7-இல் தடை வந்தது.

2017 ஜனவரியில் மெரினாவிலும் மதுரை தமுக்கத்திலும் இளைஞர்கள் திரண்டார்கள். மாநில அரசு சட்டத்தைத் திருத்தி ஜல்லிக்கட்டுக்கு விலக்களித்தது. பிப்ரவரி 5 அன்று அவனியாபுரத்தில் வாடிவாசல் திறந்தது. அந்தத் திருத்தம் செல்லும் என்று 2023 மே 18-இல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது.

இப்போது இங்கே ஆளும் வார்த்தை 'டோக்கன்'. காளைக்கும் டோக்கன், மாடுபிடி வீரருக்கும் டோக்கன். இணையத்தில் பதிந்து, மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் களத்துக்குள் இடம். டோக்கன் கிடைக்கவில்லையே என்று குமுறும் மாட்டுக்காரர்கள் எல்லா வருடமும் உண்டு. வருடம் முழுக்கப் பருத்திக்கொட்டையும் தவிடும் போட்டு வளர்த்தவர்களுக்கு அது சின்ன ஏமாற்றமல்ல. தடுப்புக்கு வெளியே நிற்கும் கூட்டத்திடம் இன்றும் யாரும் காசு வாங்குவதில்லை. பீரோ, சைக்கிள், தங்கக் காசு, கார் என்று பரிசுகள் குவிவது புரவலர்கள் தருவதால்தான்.