பாசுபதாஸ்திரமும் அணுகுண்டும்

பாசுபதாஸ்திரம் என்பது மகாபாரதத்தில் அர்ஜுனன் தவமிருந்து சிவனிடம் பெற்ற ஆயுதம். மாமல்லபுரத்தில் 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் செதுக்கிய பெரும்பாறைச் சிற்பம் இந்தத் தவத்தைக் காட்டுகிறது என்பர் ஒரு சாரார். பகீரதன் தவம் என்பர் மறு சாரார். விலா எலும்பு துருத்த, கைகளை உயர்த்தி ஒற்றைக்காலில் நிற்கிறார் தவசி. எதிரே நான்கு கைகளோடு சிவன். ஒரு கை வரம் தருகிறது. கீழே யானைகளின் பக்கத்தில் ஒரு பூனையும் கை தூக்கித் தவம் செய்ய, எலிகள் அதைச் சூழ்ந்திருக்கின்றன. தவம் யாரிடம் இருக்கிறது என்பது முக்கியம் என்று அந்தப் போலித் துறவி நினைவூட்டுகிறது.

இதிகாச ஆயுதங்களுக்கும் அதுதான் அடிப்படை. பாசுபதத்தை மனத்தாலும், கண்ணாலும், சொல்லாலும், வில்லாலும் ஏவலாம். எளியவர் மீது ஏவினால் உலகமே அழியும். பாரதப் போரின் முடிவில் எதிரணியைச் சேர்ந்த அசுவத்தாமன் ஒரு புல்லை மந்திரித்து பிரம்மசிரம் என்னும் அஸ்திரமாக்கினான். அர்ஜுனனும் பதிலுக்கு ஏவினான். முனிவர்கள் குறுக்கிட்டபோது அர்ஜுனனால் தன் அஸ்திரத்தைத் திரும்பப் பெற முடிந்தது. அசுவத்தாமனால் முடியவில்லை, அர்ஜுனனின் மருமகள் உத்தரையின் கருவை நோக்கி அதைத் திருப்பினான்.

அந்தப் புல்லை அறிவியல் கண்ணால் பார்க்கலாம். ஒரு கிராம் காய்ந்த புல்லை எரித்தால் கிடைக்கும் வெப்பம் அரை டம்ளர் தண்ணீரை வெதுவெதுப்பாக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒரு கிராம் பொருண்மை முழுதும் ஆற்றலாக மாறினால் சுமார் 21,000 டன் டி.என்.டி. வெடித்ததற்குச் சமம். 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் வீசப்பட்ட அணுகுண்டில் நடந்தது ஏறத்தாழ இதுவே. குண்டில் இருந்த 6 கிலோ புளுட்டோனியத்தில் ஒரு கிலோ அளவே பிளவுற்றது. அதில் ஒரு கிராம்தான் ஆற்றலானது. புல்லின் கார்பனும் ஆக்சிஜனும் அப்படிப் பிளவுபட்டு ஆற்றல் தருவதில்லை. யுரேனியம், புளுட்டோனியம் போன்ற கனத்த அணுக்கருவை நியூட்ரான் தாக்கிப் பிளக்க வேண்டும். வெளிவரும் நியூட்ரான்கள் அடுத்தவற்றைப் பிளக்க வேண்டும். குண்டில் இந்தத் தொடர்வினை மைக்ரோ வினாடிக்குள் முடிந்துவிடும். திரும்பப் பெற மந்திரம் இல்லை. ஏவுபவர் நல்லவரா என்ற கேள்வியும் இயற்பியலில் இல்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில், அதே செங்கல்பட்டு மாவட்டத்தில், 1983-இல் இயங்கத் தொடங்கிய கல்பாக்கம் அணுமின் நிலையம் இதே பிளவைத்தான் பயன்படுத்துகிறது. அங்கே எரிபொருள் இயற்கை யுரேனியம். அதில் எளிதில் பிளவுறும் யுரேனியம்-235 வெறும் 0.7 விழுக்காடு. யுரேனியக் குண்டுகளில் அது பொதுவாக 80 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்கும். ஆகவே உலை, குண்டுபோல் வெடிக்கவே முடியாது.

பிரம்மாஸ்திரமே பண்டைய அணுகுண்டு என்ற பேச்சு இன்றும் பரவுகிறது. இதிகாசத்தின் பெருமைக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை; சான்றும் இல்லை. புளுட்டோனியம்-239-இன் அரை ஆயுள் 24,100 ஆண்டுகள். பாரதப் போர் நடந்ததாக நம்பப்படும் 5,000 ஆண்டுகளுக்கு முன் அத்தகைய குண்டு வெடித்திருந்தால், சிதறிய புளுட்டோனியத்தில் 87 விழுக்காடு இன்னும் அழியாமல் இருக்கும். அந்தப் போர்க்களமான குருக்ஷேத்திர மண்ணில் அப்படியொரு தடயம் கிடைத்ததே இல்லை.