தமிழ் இல்லப் பத்திரிகைகள்

சமையல், உடல்நலம், குழந்தை வளர்ப்பு, தையல், சிக்கனம், கைவைத்தியம் என வீட்டுக் காரியங்களில் அன்றாடம் கைகொடுக்கும் பருவ இதழ்களை இல்லப் பத்திரிகைகள் என்கிறோம். தமிழில் இவை பெரும்பாலும் பெண்கள் பத்திரிகையாகவே கடைக்கு வந்தன. வீட்டு வேலை முழுவதும் பெண்ணின் தலையில் என்று சமூகம் முடிவு செய்திருந்ததே இதற்குக் காரணம்.

தொடக்க கால இதழ்கள் அடுப்படியைவிடக் கல்வியைப் பற்றியே அதிகம் பேசின. 1905இல் சென்னையில் தொடங்கப்பட்ட ‘சக்கரவர்த்தினி’யின் ஆசிரியராக இருந்தவர் சுப்பிரமணிய பாரதி. பெண்ணுக்கு என்ன தேவை என்பதைப் பெரும்பாலும் ஆண்களே தீர்மானித்து எழுதிய காலம் அது. 1925இல் வை. மு. கோதைநாயகி அம்மாள் ‘ஜகன்மோகினி’யை ஏற்று நடத்தத் தொடங்கியபோது நிலைமை மாறியது. அது முதன்மையாக நாவல் பத்திரிகைதான். ஆனாலும் தனக்கென்று ஒரு பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கும் பழக்கத்தைத் தமிழ்ப் பெண்களிடம் வளர்த்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பழக்கம் வேரூன்றாமல் பின்னால் வந்த இல்லப் பத்திரிகை எதுவும் பிழைத்திருக்காது. 1940களில் சக்தி காரியாலயம் குகப்ரியையை ஆசிரியராகக் கொண்டு ‘மங்கை’யை வெளியிட்டது. எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ முதல் தொகுதி 1951இல் வெளிவந்தது. அது பத்திரிகை அல்ல, நூல். ஆனால் அளவு சொல்லிச் சமையலை எழுதும் முறைக்கு அதுவே முன்மாதிரியானது.

1962இல் தொடங்கிய ‘ராணி’ வார இதழ் சிற்றூர் வாசகர்களையும் சென்றடைந்தது. ‘மங்கையர் மலர்’, ‘அவள் விகடன்’, ‘குமுதம் சிநேகிதி’ ஆகியவை பின்னர் வந்தவை. இவற்றை ஒப்பிடும்போது அட்டைப்படத்தையும் விலையையும் விட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, உள்ளே எழுதுவது யார் என்பதுதான். இந்த இதழ்களின் உயிர்நாடி வாசகியரின் துணுக்குகள். பூண்டைத் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் எளிதில் உரியும், அரிசியில் வசம்பைப் போட்டு வைத்தால் வண்டு அண்டாது என்பது போன்ற இரண்டு வரிக் குறிப்புகள் எங்கோ ஓர் ஊரிலிருந்து அஞ்சலட்டையில் வந்து அச்சேறின. எழுதியவரின் பெயரும் ஊரும் கீழே இருக்கும். அதுவரை எழுத்தாளர் என்று எண்ணப்படாத ஏராளமான பெண்களின் அறிவுக்குக் கிடைத்த மதிப்பு அது. இலக்கிய வரலாறுகள் இதைக் கண்டுகொள்ளாதது பெருங்குறை.

அமெரிக்காவில் 1885இல் தொடங்கிய ‘குட் ஹவுஸ்கீப்பிங்’ 1900இல் சொந்தமாகச் சோதனைக்கூடம் அமைத்தது. வீட்டுப் பொருள்களைச் சோதித்து 1909 முதல் தன் முத்திரையை வழங்கியது. 1936இல் தொடங்கிய ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ விளம்பரமே வாங்காமல் பொருள்களை ஒப்பிட்டது. தமிழ் இல்லப் பத்திரிகைகளில் அப்படியொரு சோதனை மரபு உருவாகவில்லை. மிக்ஸி, குக்கர், சலவைத்தூள் விளம்பரங்களை நம்பி நிற்கும் இதழால், எந்த மிக்ஸி சீக்கிரம் சூடேறும் என்று பெயர் சொல்லி எழுத முடிவதில்லை. கைவைத்தியக் குறிப்புகளிலும் இதே குறை உண்டு. பச்சிளங் குழந்தையின் நாவில் தேன் தடவுவது பழைய வழக்கம். ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் உறுதியான எச்சரிக்கை. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும். ஆகவே மருத்துவரின் பதிலைத் தாங்கி வரும் இதழும், வந்த குறிப்பை அப்படியே அச்சிடும் இதழும் ஒரே தரம் அல்ல.

திருப்பத்தூர் வட்டாரத்தை வைத்துப் பார்த்தால் இன்னொரு குறையும் தெரியும். 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இப்பகுதியில், ஜவ்வாது மலையின் புதூர்நாடு, நெல்லிவாசல் ஊர்களில் மலையாளி பழங்குடியினர் வாழ்கின்றனர். சாமை, தேன், புளி, பலா ஆகியவை இம்மலையின் விளைபொருள்கள். சென்னையில் அச்சாகும் இதழ்கள் நெடுங்காலம் அரிசியையும் உளுந்தையும் சுற்றியே சமைத்தன. நீரிழிவு பற்றிய அச்சம் நகரங்களில் பரவிய பிறகுதான் சாமைப் பொங்கலும் சாமை உப்புமாவும் வண்ணப் பக்கங்களுக்கு வந்தன. ஐ.நா. 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது அந்த ஆர்வத்தை மேலும் வளர்த்தது.

ஆனால் அந்தச் செய்முறைகள் எல்லாம் ‘சாமை அரிசி ஒரு கப்’ என்றே தொடங்கும். சாமையின் உமி எளிதில் பிரியாது. காயவைத்து, உரலில் குத்தி, புடைத்து, கல் பொறுக்கி, மீண்டும் குத்தினால்தான் அந்த ஒரு கப் அரிசி கிடைக்கும். அந்த வேலை முழுவதும் மலைப் பெண்களுடையது. ரேஷன் அரிசி வந்ததும் பல வீடுகளில் சாமைச் சோறு குறைந்ததற்கு இந்த உழைப்பும் ஒரு காரணம். சிறு அரவை எந்திரத்தை எங்கே வாங்கலாம், உமி நீக்காத சாமையை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்று எழுதும் இதழே மலைவீட்டுக்கு உதவும் இதழ். இந்த வகையில் ‘பசுமை விகடன்’ போன்ற வேளாண் இதழ்கள் வண்ணச் சமையல் இதழ்களைவிடப் பயனுள்ளவை.

வாங்கிய இதழைத் தூக்கி எறியாத பழக்கமும் இவ்வரலாற்றில் சேரும். இலவச இணைப்பாக வந்த சமையல் புத்தகங்களையும் கோலப் பக்கங்களையும் பிரித்தெடுத்து, பைண்டு செய்து, மகளுக்குச் சீர்வரிசையோடு கொடுத்தனுப்பிய குடும்பங்கள் உண்டு. தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிகளும் பின்னர் யூடியூபும் அந்த இடத்தைப் பிடித்தன. 2020இல், கொரோனா முடக்கத்தின்போது, ‘கல்கி’யும் ‘மங்கையர் மலர்’ இதழும் அச்சை நிறுத்தி இணையத்துக்கு மாறின. கைப்பேசி சிக்னல் நிலையாகக் கிடைக்காத மலையூர்களுக்கு அச்சிதழின் தேவை இன்னும் தீரவில்லை. ஊர் நூலகங்கள் அச்சில் வரும் இதழ்களைத் தொடர்ந்து வாங்குவது அவசியம்.

பழைய இல்லப் பத்திரிகைகளை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். ஒற்றை இதழாக இருந்தாலும், அட்டை கிழிந்திருந்தாலும், சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்குத் தெரிவியுங்கள்.