காட்சிச்சாலைக் கல்வியும் பெண்மக்களும்

பொருட்காட்சிச்சாலை என்றதும், பழம்பொருள்களைக் குவித்து வைத்த மாளிகை என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அப்பொருள்களை ஆராய்ந்து, காலம் வகுத்து, கேடுறாமற் காத்து, பொதுமக்களுக்கு விளங்கச் செய்வது ஒரு தனிக் கல்வி என்பதை உணர்ந்தார் சிலரே. அக்கல்வியின் வாயில் யாருக்குத் திறந்தது, யாருக்கு அடைபட்டது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அமெரிக்காவின் ஹார்வார்டு சர்வகலாசாலையில் சார்ல்ஸ் எலியட் நார்ட்டன் 1875-ல் கலாசரித்திரப் பேராசிரியரானார். 1895-ல் அங்கே ஃபாக் கலைக்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. ஆயினும், கலாசரித்திரம் கற்றவர் காட்சிச்சாலையை நடத்தப் பழகுதற்குரிய ஒழுங்கான வழி அந்நாளில் நிலைபெறவில்லை. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1917-ல் பாஸ்டன் நுண்கலைக் காட்சிச்சாலையில் இந்தியக் கலைப் பகுதியின் பொறுப்பை ஏற்றார். அவர் பட்டம் பெற்றதோ பூகர்ப்ப சாஸ்திரத்தில்! தாமே முயன்று தேடிய கலைஞானமே அவரை அவ்விடத்துக்கு உயர்த்திற்று.

இக்குறையை நீக்க முற்பட்டவர் பால் சாக்ஸ் என்பார். செல்வமிக்க வங்கிக் குடும்பத்தில் தோன்றிய அவர், அத்தொழிலைத் துறந்து 1915-ல் ஃபாக் சாலையின் துணைத் தலைவராக வந்தார். 1921 முதல் 1948 வரை அவர் நடத்திய வகுப்பில் மாணவர் ஏட்டுக் கல்வியோடு நின்றாரில்லர். கலைப்பொருளைக் கையிலெடுத்து நோக்கினர், அட்டவணை எழுதினர், வரவு செலவுத் திட்டமும் காட்சி அமைக்கும் முறையும் பயின்றனர். நார்ட்டன் வாழ்ந்த இல்லமே சாக்ஸின் இல்லமாகவும் வகுப்பு கூடும் இடமாகவும் அமைந்தது.

விளைவு பெரிது. அவர் மாணவர் ஆல்பிரெட் பார், 1929-ல், 27-ம் வயதில், நியூயார்க் நவீனக் கலைக்காட்சிச்சாலையின் முதல் தலைவரானார். மற்றொரு மாணவர் ஜேம்ஸ் ரோரிமர் 1955-ல் அந்நகரத்து மெட்ரோபொலிட்டன் காட்சிச்சாலையின் தலைவரானார். எனினும் ஒன்றை மறைத்தலாகாது. பார் அப்பதவி பெற்றது சாக்ஸின் பரிந்துரையினால். கல்வி வழி திறந்தது மெய். ஆனால் அவ்வழியின் முடிவில் ஒருவர் வாய்ச்சொல்லும் வேண்டியிருந்தது.

பெண்மக்கள் நிலை யாது? ஆக்னஸ் மாங்கன் என்னும் பெண்மணி 1928-ல் ஃபாக் சாலைக்கு வந்தார். மறு ஆண்டில் ஸ்மித் கலாசாலையில் எம்.ஏ. பட்டமும் பெற்றார். சித்திரக் கோட்டோவியங்களை ஆராய்வதில் அவருக்கு நிகராவார் அரியர். ஆயினும் 1937-ல் அவருக்குக் கிடைத்த பெயர் ‘கீப்பர்’, அதாவது காப்பாளர் என்பதே. ‘கியூரேட்டர்’ என்னும் பதவிப் பெயரைப் பெண்ணுக்கு அளிக்க அச்சர்வகலாசாலை அந்நாளில் இசையவில்லை. வேலை ஒன்றே, பெயர் மட்டும் வேறு! 1940-ல் சாக்ஸோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஓவிய அட்டவணை அறிஞர் போற்றும் நூலாயிற்று. அதன் பின்னரும் ஏழாண்டு கழிந்தே, 1947-ல், உரிய பெயர் கிட்டிற்று. 1969-ல் அச்சாலையின் தலைமையையே ஏற்றார். உள்ளே அடிவைத்து அப்போது 41 ஆண்டுகள் சென்றிருந்தன.

இதனால் நாம் அறிவது யாது? அறிவைத் தேடுவதற்கு அனுமதி அளித்து, அவ்வறிவுக்குரிய பதவியை மறுப்பது பாதி நீதியே. பொதுமக்கள் செல்வத்தைக் காப்பதற்குத் தகுதி கல்வியும் உழைப்புமன்றிப் பிறப்பன்று. நம் பெண்மக்கள் சரித்திரமும் கலையும் கற்க விழைந்தால், ‘இதனால் உனக்கு என்ன உத்தியோகம்?’ என்று கேட்டு அவர்தம் ஊக்கத்தைக் கெடாதிருப்போமாக. கற்றபின் அவர்க்குரிய இடத்தை, உரிய பெயரோடு, காலந்தாழ்த்தாது அளிப்பதும் நம் கடனேயாம்.