வெற்றிலை மையும் சின்னத்திரையும்

"ஐயா, கேமராவில் பதிந்த உருவத்தைப் பெரிதாக்கினால் முகம் தெரிந்துவிடாதா?" கேட்டான் என் வகுப்பு மாணவன். அவன் ஊரில் வயற்காட்டு மோட்டார் களவு போயிற்று. கடைத்தெருக் கண்காணிப்புக் கேமராவில் பதிந்திருந்தது மங்கலானதொரு நிழல். "தொலைக்காட்சித் தொடரில் அப்படித்தானே கண்டுபிடிக்கிறார்கள்!" என்றான். அதற்குள் ஊரார் சிலர், கூலிவேலை செய்யும் ஒருவரைச் சுட்டிவிட்டனர். "நடை அவன் நடைதான்" என்றனர். நிழலுக்கு முகம் இல்லை. ஆனால் ஐயத்துக்கு முகம் கிடைத்துவிட்டது!

களவு போனால் மை போட்டுப் பார்த்தனர் நம் பாட்டன்மார். வெற்றிலையில் மை தடவி, உற்றுப் பார்க்கச் சொல்வான் மந்திரவாதி. திருடன் முகம் அதில் தெரியுமாம்! தெரிந்தது எவர் முகம்? ஊர் முன்பே ஐயுற்ற ஏழையின் முகம்!

இன்று வெற்றிலை இருந்த இடத்தில் கணினித் திரை. மந்திரவாதி இருந்த இடத்தில் வெள்ளை அங்கி வல்லுநர். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய 'சி.எஸ்.ஐ.' போன்ற தொடர்களில், ஒரு மணி நேரத்துக்குள் குற்றம், சோதனை, முடிவு எல்லாம் நடந்தேறுகின்றன. கலைப்பிரிவில் பட்டம் பெற்றவன் நான். எனினும் இது விளங்குகிறது: படம் என்பது புள்ளிகளின் தொகுப்பு. ஒரு முகம் நாலைந்து புள்ளிகளில் அடங்கிவிட்டால், பெரிதாக்கும்போது புள்ளிதான் பெரிதாகும். பதியாத விழியும் மூக்கும் எங்கிருந்து வரும்? செயற்கை நுண்ணறிவு 'தெளிவாக்கி'த் தரும் முகமும் கண்ட முகமன்று, கற்பித்த முகம்!

வரலாற்றைப் புரட்டுவோம். கொதிக்கும் நெய்யில் கையை விடு என்றனர் அன்று. கை வெந்தால் குற்றவாளி, வேகாவிட்டால் நல்லவன்! சுசீந்திரம் கோயிலில் 'கைமுக்கு' என்ற பெயரால் நடந்த அக்கொடுமை, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில், 19ஆம் நூற்றாண்டில்தான் ஒழிந்தது. 1849இல் சென்னையில் தோன்றியது இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம். நஞ்சு உண்டா, இல்லையா என்று குடுவை சொல்லத் தொடங்கிற்று. நெய்க் கொப்பரையிலிருந்து ஆய்வுக் குடுவைக்கு! எத்தகைய மாற்றம்! அக்குடுவை தந்த பாடம் ஒன்றே: ஐயுறு, ஒப்பிடு, அதன்பின் சொல்.

அப்பாடத்துக்குச் சான்று நம் தஞ்சைத் தரணியிலேயே உண்டு. அன்றைய தஞ்சை மாவட்டத்தில், திருவாரூர்ப் பகுதியில் உள்ளது பத்தூர். 1976இல், அங்கே இடிந்து கிடந்த கோயிலருகே மண் வெட்டிய உழைப்பாளி ஒருவருக்குக் கிடைத்தது நடராசர் செப்புச் சிலை. அது கைமாறிக் கைமாறி இலண்டன் சேர்ந்தது. 1982இல் பம்பர் டெவலப்மெண்ட் என்னும் கனடா நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. இலண்டன் காவல்துறை கைப்பற்றியது, வழக்கு மூண்டது. பத்தூரில் கிடைத்த சிலைதானா இது?

ஆண்டவன் வாய் திறந்தானா? இல்லை! சாட்சி சொன்னவை மண்ணும் கரையானும். சிலையில் ஒட்டிய மண்ணையும், அதன்மீது கரையான் விட்டுச்சென்ற தடத்தையும், பத்தூரில் கிடைத்த பிற சிலைகளோடு ஒப்பிட்டனர் அறிஞர். உலோகத்தை ஆராய்ந்தனர், சிற்ப அமைதியை ஆராய்ந்தனர். எதிர்த்தரப்பும் வல்லுநர்களை நிறுத்தியது. அனைவரும் குறுக்கு விசாரணைக்கு ஆளாயினர். 1988இல் தீர்ப்பு, 1991இல் மேல்முறையீட்டு மன்றம் அதை உறுதி செய்தது, அவ்வாண்டே சிலை தாயகம் திரும்பியது. மண்ணிலிருந்து எடுத்த நாள் தொட்டு 15 ஆண்டுகள்! தொடரிலோ 15 மணித்துளிகள்!

அறிவியல் மெல்ல நடப்பது குறையன்று; அதுவே அதன் நேர்மை. இங்கிலாந்தில், லெஸ்டர் நகரை அடுத்த ஊரொன்றில், 1986இல் நடந்த கொலைக்காகப் பிடிபட்ட 17 வயது இளைஞன், "நானே செய்தேன்" என்று ஒப்புக்கொண்டான். அலெக் ஜெஃப்ரீஸ் 1984இல் கண்டறிந்த டி.என்.ஏ. முறை, "இவன் அல்லன்" என்றது. உண்மைக் கொலையாளி 1988இல் தண்டனை பெற்றான். கொலை வழக்கில் புகுந்த அச்சோதனை முதலில் செய்த பணி, குற்றமற்றவனைக் காத்ததே!

தொடர்களோ வேறு பாடம் புகட்டுகின்றன. ஊசி போட்டதும் உண்மை கொட்டுகிறதாம்! மருந்து மயக்கத்தில் மனிதன் கற்பனையும் பேசுவான். கேட்பவன் விரும்பியதையும் பேசுவான். 2010 மே 5இல், செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், ஒருவரின் இசைவின்றி அந்த ஊசியோ, பொய் கண்டறியும் கருவியோ, மூளைச் சோதனையோ கூடாது என்றது உச்ச நீதிமன்றம். தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்பது நம் அரசியல் சட்டத்தின் 20(3)ஆம் பிரிவு. அதை அறியாதவர் நம்மில் எத்தனை பேர்?

இவற்றையெல்லாம் வகுப்பில் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்த மாணவன் கேட்டான்: "அப்படியானால், அந்தக் கூலிக்காரர் மேல் பழி போட என்ன சான்று இருக்கிறது, ஐயா?"

தோழர்களே, அந்தக் கேள்விதான் பகுத்தறிவு! கருவியை வணங்குவது அறிவியலாகாது. மந்திரவாதியிடம் கேட்கத் தவறிய கேள்வியை, திரையிடமும் கேட்கத் தவறினால், மாறியது வெற்றிலை மட்டுமே. பழி விழுவது அதே ஏழையின் தலையில்தான்! உங்கள் ஊரில் ஒரு விரல் ஒருவனை நோக்கி நீளும்போது, எழுந்து நின்று கேளுங்கள்: சான்று எங்கே?