கயிற்றிலே தொங்கிய காவியம்

மரக்குதிரைக் கதையை வகுப்பிலே சொல்லத் தொடங்கினால் போதும், பின்வரிசைப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவர். பத்தாண்டு முற்றுகை! பணியாத டிராய் நகரம்! கடற்கரையிலே ஒரு பெரிய மரக்குதிரை. அதன் வயிற்றிலே பதுங்கிய படைவீரர். நள்ளிரவிலே திறந்த கோட்டைக் கதவு. விடிவதற்குள் சாம்பலான மாநகர்! கதை முடிந்ததும் பிள்ளைகளின் கண்களிலே வியப்பு; சூழ்ச்சி வகுத்த ஓடிசியசுக்குப் பாராட்டு.

மகிழ்ச்சிதான். ஆனால், சற்றே நின்று நம்மை நாமே கேட்டுக் கொள்வோம். சாம்பலான அந்த நகரிலே அன்றிரவு உறங்கிக் கொண்டிருந்தவர்கள் யார்? விடிந்ததும் அவர்கள் கதி என்ன? குதிரையின் வயிற்றிலிருந்து பார்த்தே இந்தக் கதையைச் சொல்லிப் பழகிவிட்டோம். கோட்டைக்குள்ளே இருந்தவள் கண்கொண்டு ஒரு நாளேனும் பார்த்தோமா?

கிரேக்கத்தின் இருபெரும் காவியங்கள் இலியத்தும் ஒடிசியும். ஏறத்தாழ 2,700 ஆண்டுகளுக்கு முன்னே உருப்பெற்றவை. ஹோமரின் பெயரால் வழங்குபவை. அரசர்களும் அரசர்களின் மைந்தர்களும் நிறைந்த ஏடுகள் அவை. ஆயினும் அங்குமிங்கும் சாதாரண மனிதர் சிலர் தலைகாட்டுகின்றனர், நாலு வார்த்தை பேசுகின்றனர், மறைந்து விடுகின்றனர். அந்த இடங்களிலேதான் நாம் நின்று பார்க்க வேண்டும்.

இலியத்தின் இரண்டாம் பகுதியிலே வருகிறான் தெர்சிட்டீஸ். தந்தை பெயரைக் கவிஞர் சொல்லவில்லை. ஊர்ப் பெயரையும் சொல்லவில்லை. மாவீரர் ஒவ்வொருவரையும் இன்னார் மகன் என்று பெருமையோடு அறிமுகப்படுத்தும் காவியம், இவனுக்குக் கொடுத்த அடையாளம் வேறு: வளைந்த கால், நொண்டி நடை, கூனல் தோள், கூம்பிய தலை, அதிலே நாலைந்து மயிர்!

அந்த அழகற்றவன் அவையிலே எழுந்து கேட்டது என்ன? அகமெம்னான் மன்னனைப் பார்த்துக் கேட்டான்: உன் கூடாரம் நிறையச் செம்பும் வெண்கலமும் இருக்கின்றன, நாங்கள் பிடித்துத் தந்த பெண்கள் இருக்கின்றனர், இன்னும் என்ன வேண்டும்? வீரர்களே, வீடு திரும்புவோம். இவன் தன் கொள்ளைப் பொருளோடு இங்கேயே கிடக்கட்டும். நாமில்லாமல் இவனால் என்ன ஆகும் என்பதை அறியட்டும்!

ஒன்பது ஆண்டுகள் போர்க்களத்திலே உழன்ற படைவீரன் கேட்கக்கூடிய கேள்விதானே! பதில் வந்தது. வாதத்தால் வரவில்லை, கோலால் வந்தது. ஓடிசியஸ், கையிலிருந்த செங்கோலால் அவன் முதுகிலே ஓங்கி அடித்தான். இரத்தம் கட்டி முதுகு தடித்தது, கண்ணீர் வழிந்தது, துடைத்துக் கொண்டு உட்கார்ந்தான். கூடியிருந்த படை சிரித்தது! ஓடிசியஸ் செய்த நற்செயல்களிலெல்லாம் இதுவே தலைசிறந்தது என்று புகழ்ந்தது!

இதே அகமெம்னானை முதற்பகுதியிலே இன்னொருவனும் ஏசியிருக்கிறான். குடிகாரன் என்றான், நாயின் கண்ணும் மானின் நெஞ்சும் கொண்டவன் என்றான், பாடுபடுபவர் நாங்கள், பங்கிலே பெரும்பங்கு உனக்கா என்றான். அவன் அக்கிலிஸ், தேவதையின் மகன். அவன் சொன்னபோது அது வீரத்தின் சீற்றம். பெயரற்ற தந்தையின் மகன் சொன்னபோது அது அதிகப்பிரசங்கம்! சொல் ஒன்றுதான், சொன்னவர் பிறப்பு வேறு. பிறப்பைப் பார்த்துப் பேச்சுக்கு விலை போடும் பழக்கம் எந்த ஒரு நாட்டுக்கும் தனிச்சொத்தல்ல.

இனி ஒடிசிக்கு வருவோம். இருபது ஆண்டுகளுக்குப் பின் இத்தாக்காத் தீவு திரும்புகிறான் ஓடிசியஸ். அவன் மனைவி பெனிலோப்பை மணக்க விரும்பி, 108 பேர் அவன் மாளிகையிலே நாள்தோறும் கூடி உண்டு களித்துக் கொண்டிருக்கின்றனர். அத்தனை பேர் விருந்துக்கும் மாவு எங்கிருந்து வந்தது? காவியமே சொல்கிறது: திரிகைகளிலே பன்னிரண்டு பெண்கள் நாள்தோறும் கோதுமையும் வாற்கோதுமையும் அரைத்தனர். ஒருநாள் விடியற்பொழுது, பதினொருவர் வேலை முடித்து உறங்கிவிட்டனர். ஒருத்தி மட்டும் இன்னும் அரைத்துக் கொண்டிருக்கிறாள், எல்லோரிலும் மெலிந்தவள் என்பதால். வானம் இடித்தது. திரிகையை நிறுத்திவிட்டு வேண்டினாள்: என் முழங்கால்களை முறித்துப்போட்ட இந்தக் கூட்டத்திற்கு இன்றைய விருந்தே கடைசி விருந்தாக அமையட்டும்!

மாறுவேடத்திலிருந்த ஓடிசியஸ் அதைக் கேட்டான். மகிழ்ந்தான். அவள் முழங்காலுக்காக வருந்தினானா? இல்லை. தன் வெற்றிக்கு நல்ல சகுனம் கிடைத்ததென்று மகிழ்ந்தான்! அவள் வேண்டுதல் அன்றே பலித்தது; 108 பேரும் மாண்டனர். அவளுடைய திரிகை நின்றதா? காவியம் அவள் பக்கம் மறுபடி திரும்பவே இல்லை. அவள் பெயரும் நமக்குத் தெரியாது.

அன்றே இன்னொன்றும் நடந்தது. மாளிகையின் ஐம்பது அடிமைப் பெண்களிலே பன்னிருவர் அந்த ஆடவரோடு கூடியிருந்தவர்கள் என்று கிழத்தாதி காட்டிக் கொடுத்தாள். முதலிலே அவர்களைக் கொண்டே பிணங்களைச் சுமக்கச் செய்தனர். இரத்தம் தோய்ந்த மேசைகளையும் நாற்காலிகளையும் கழுவச் செய்தனர். வேலை முடிந்ததும் வெளியே இட்டுச் சென்றனர். வாளால் வெட்டு என்றான் தந்தை. இவர்களுக்குத் தூய சாவு கூடாது என்றான் மகன் டெலிமாக்கஸ். கப்பற்கயிற்றைத் தூணிலே கட்டி இழுத்து, பன்னிருவரையும் வரிசையாகத் தொங்கவிட்டான். கண்ணியிலே சிக்கிய பறவைகளைப்போல அவர்கள் கால்கள் சிறிது துடித்து அடங்கின என்கிறது காவியம்.

குற்றம் என்ன? அடிமைக்கு மறுக்கும் உரிமை உண்டா? ஓடிசியசின் வாக்கையே சாட்சிக்கு அழைப்போம். வில்லை எடுத்து நின்று அந்த ஆடவர்மீது அவன் சாட்டிய குற்றங்களிலே ஒன்று, என் வீட்டு அடிமைப் பெண்களைப் பலவந்தமாகக் கூடினீர்கள் என்பது! பலவந்தம் என்று அவனே சொன்னான். பிறகு பலவந்தத்திற்கு ஆளானவர்களையே வாளால் வெட்டிக் கொல்லச் சொன்னான். அவனுக்கு வந்த கோபம் தன் உடைமையைப் பிறர் தொட்ட கோபம். அந்தப் பெண்கள் பட்ட துன்பம் கணக்கிலேயே வரவில்லை.

இந்தப் பெண்களுக்கு நேர்ந்த கொடுமை கயிற்றோடும் முடியவில்லை. ஆங்கிலத்திலே மொழிபெயர்த்தவர் சிலர், மூலத்திலே இல்லாத இழிசொற்களை அவர்கள்மீது ஏற்றினர். ஒடிசி முழுவதையும் ஆங்கிலத்திலே மொழிபெயர்த்து வெளியிட்ட முதற்பெண்மணி எமிலி வில்சன். 2017-இல் வந்த அந்த நூலிலே அவர் இந்த ஏசல்களைக் களைந்தார். வேலைக்காரி என்று பூசி மெழுகாமல் அடிமை என்றே எழுதினார்.

நம் பகுத்தறிவுத் தோழர் சிலர் கேட்கலாம்: கட்டுக்கதையைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தைச் சொல். புராணத்தைக் குப்பையிலே போடு! நியாயமான கேள்விதான். கிரேக்கத்திலும் இந்தக் குரல் எழுந்தது. கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே செனோஃபனீஸ் கேட்டார்: திருட்டையும் விபசாரத்தையும் வஞ்சகத்தையும் கடவுளர்மீது ஏற்றிப் பாடலாமா? மாட்டுக்குக் கை இருந்தால் மாட்டு உருவத்திலேயே கடவுளை வரையும் என்றும் அவர் நகையாடினார். பிளேட்டோ தம் குடியரசு நூலிலே, தாய்மாரும் செவிலியரும் அரசு ஒப்பிய கதைகளை மட்டுமே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று வகுத்தார்.

மூன்றாவது வழியொன்றும் உண்டு. அதைக் காட்டியவர் யூரிபிடீஸ். கி.மு. 416-இல் ஏதென்ஸ் படை மீலோஸ் தீவை முற்றுகையிட்டது. பணிந்த பின் ஆடவரைக் கொன்று, பெண்டு பிள்ளைகளை அடிமைகளாக விற்றது. அடுத்த ஆண்டே, கி.மு. 415-இல், அதே ஏதென்ஸ் மக்கள் முன்னே டிராய் நகரப் பெண்கள் என்ற நாடகத்தை அரங்கேற்றினார் யூரிபிடீஸ். வீரர் புகழ் பாடவில்லை. நகரம் எரிகிறது, கைதான பெண்கள் எந்த நாட்டுக்கு, எவன் வீட்டுக்கு அடிமையாகப் போவோமோ என்று கலங்கி நிற்கின்றனர். ஹெக்டரின் சின்னஞ்சிறு மகன் மதிலிலிருந்து வீசிக் கொல்லப்படுகிறான். தந்தையின் கேடயத்திலே கிடத்தி அவனை அடக்கம் செய்கிறாள் பாட்டி. பழைய கதைதான், பார்வை புதிது! போட்டியிலே அந்த ஆண்டு அவருக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. முதற்பரிசு பெற்ற நாடகத்தை இன்று படிக்க முடியாது, அது அழிந்துவிட்டது. டிராய் நகரப் பெண்கள் இன்றும் மேடையேறுகின்றனர்.

அந்த வழியிலே இன்றும் எழுதுகின்றனர். அடேல் ஜெராஸ் இளைஞர்க்கென 2000-இல் எழுதிய டிராய் என்ற புதினத்திலே, முற்றுகைக்குள் வாழும் இரு சகோதரிகளின் கண்வழியே போர் விரிகிறது. மார்கரெட் அட்வுட் 2005-இல் எழுதிய நூலிலே, தூக்கிலிடப்பட்ட பன்னிருவரும் குழுவாக வந்து நியாயம் கேட்கின்றனர். மறுபக்கமிருந்து கதை சொல்வதன் வலிமை நமக்குப் புதிதன்று. இராவணனைத் தலைவனாக்கிப் புலவர் குழந்தை 1946-இல் வெளியிட்ட இராவண காவியத்தை அரசு 1948-இல் தடை செய்தது. 1971-இல்தான் அந்தத் தடை நீங்கியது. சொல்லுக்கு வலிமை இல்லையென்றால் தடை எதற்கு?

ஆகவே, கதையை மறைக்க வேண்டாம், முழுவதும் சொல்வோம். தெர்சிட்டீசைக் குறையற்ற வீரனாக்கவும் வேண்டாம். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் மருந்தாகாது. மாவரைத்தவளைப் பேசவிட்டவரும் ஹோமரே. அந்தப் பெருமையை அவருக்குக் கொடுப்போம். காவியத்திலே உள்ளதை உள்ளபடி சொல்லி, கேள்வியை மட்டும் பிள்ளைகளிடம் விடுவோம்: அடித்தவன் சொன்ன நியாயம் என்ன? அடிபட்டவன் கேட்டதிலே பிழை என்ன? படை ஏன் சிரித்தது?

அந்த மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. செங்கோல் பிடிக்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளிலே ஒருவருக்கோ இருவருக்கோ வரலாம். ஒருவன் அடிபடும்போது கூட்டத்திலே நிற்கும் வாய்ப்பு எல்லோருக்கும் வரும். அன்று அவர்கள் சிரிக்கப் போகிறார்களா, அல்லது ஏன் அடிக்கிறாய் என்று கேட்கப் போகிறார்களா? இன்று நாம் கதை சொல்லும் முறையும் அதைத் தீர்மானிக்கிறது.